குண்டூசியும் பீரங்கியும்

அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் பாடசாலையில் படித்த நாலைந்து செய்திகள் நம் நினைவுக்கு வரும். பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தார்கள். 1776 ஜூலை 4 ஆம் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். ஜோர்ஜ் வாஷிங்டன் படை நடத்தினார். யோர்க்டவுணில் பிரித்தானியர் சரணடைந்தனர். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்த எட்டு வருடங்களில் ஒரு சாதாரண வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது தாய் என்ன செய்தாள், கடையில் உப்பும் ஊசியும் என்ன விலைக்கு விற்றன என்று கேட்டால் பாடநூல் வாய் திறவாது. அதற்கு நாம் கடிதங்களிடந்தான் போகவேண்டும்.

நேயர்களே, அப்படிப்பட்ட ஒரு கடிதக் கட்டைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன். எழுதியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவர் ஜோன் அடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியானவர். மனைவி அபிகேல். இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் மசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவற்றுள் 1774 முதல் 1777 வரை எழுதப்பட்டவை எனக்கு மிக நெருக்கமானவை. அந்த நாலு வருடங்களில் யார் வெல்வார் என்று எவருக்கும் தெரியாது. தோற்றால் ஜோன் அடம்ஸ் தூக்குமேடைக்குப் போகவேண்டியவர். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு வரியும் வேறுவிதமாக ஒலிக்கும்.

அபிகேல் 1744 ஆம் ஆண்டு வேமவுத் என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ போதகரின் மகளாகப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வழக்கம் அங்கே அப்போது அரிது. வீட்டிலிருந்த புத்தகங்களைத் தாமாகவே வாசித்துத் தேறினார். எழுத்துப்பிழை மலிந்த எழுத்து அவருடையது. அதை எண்ணி அவர் கடைசிவரை வெட்கப்பட்டார். 1764 ஒக்டோபரில், தமது பத்தொன்பதாவது வயதில், பிரெயின்ட்ரி என்ற கிராமத்துச் சட்டத்தரணியான ஜோன் அடம்ஸை மணந்தார். பத்து வருடத்தின் பின், 1774 ஓகஸ்ட்டில், குடியேற்றநாடுகளின் முதலாவது கொங்கிரஸில் அமர்வதற்காக ஜோன் பிலடெல்பியாவுக்குக் குதிரை வண்டியில் புறப்பட்டார். முந்நூறு மைலுக்கு மேற்பட்ட தூரம். கையில் நாலு பிள்ளைகள், ஒரு சிறு பண்ணை, கூலியாட்கள், கணக்கு வழக்கு எல்லாம் அபிகேலின் தலையில்.

அந்தக் காலத்துக் கடிதத்துக்கு உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து அரக்கு முத்திரை வைத்து, வெளிப்புறத்தில் பெயரை எழுதி, அந்தப் பக்கம் போகும் யாராவது ஒருவரிடம் கொடுத்து விடுவார்கள். தபால் இருந்தது, ஆனால் போர்க்காலத்தில் அதை நம்பமுடியாது. நமது சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஓலையைத் தூக்கிக்கொண்டு கோசிகன் காடு தேடிப் போகிறானே, ஏறக்குறைய அந்த நிலைதான். கொண்டுபோகிறவன் நல்லவனாக இருக்கவேண்டும். அதிட்டமும் வேண்டும்.

அந்த அதிட்டம் ஒருமுறை கைவிட்டது. 1775 ஜூலையில் ஜோன் எழுதிய இரு கடிதங்களை ஹிச்போர்ன் என்ற இளைஞர் கொண்டுவந்தார். ஒன்று அபிகேலுக்கு, மற்றது நண்பர் ஜேம்ஸ் வாரனுக்கு. றோட் ஐலண்டில் தோணித்துறையொன்றில் பிரித்தானியக் கடற்படை அவரைப் பிடித்துக்கொண்டது. ஓகஸ்ட்டில் அந்தக் கடிதங்கள் பொஸ்டன் பத்திரிகையில் அச்சாகி ஊர் சிரித்தது. கொங்கிரஸில் சமாதானம் பேசிய ஜோன் டிக்கின்சன் என்ற பெரிய செல்வரை, பணம் பெரிது, புத்தி சிறிது என்ற பொருள்பட நண்பருக்குக் கேலி செய்து எழுதியிருந்தார் அடம்ஸ். அதன் பிறகு பிலடெல்பியா வீதியில் எதிர்ப்பட்டபோது தாம் தொப்பியைத் தூக்கி வணங்கியும் டிக்கின்சன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார் என்று அடம்ஸ் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து கடிதம் எழுதும்போதெல்லாம் கணவனும் மனைவியும் மூன்றாவது கண்ணொன்று தங்கள் தோளுக்கு மேலாகப் பார்ப்பதாக எண்ணியே எழுத வேண்டியிருந்தது. அபிகேல் தமது பெயரை விட்டு “போர்ஷியா” என்று ஒப்பமிட்டார். ரோமாபுரியின் புரூட்டஸுக்கு மனைவியாக வாய்த்தவளின் பெயர் அது. கொடுங்கோலை எதிர்த்தவனின் மனைவி என்ற கருத்தில் அதைத் தேர்ந்தார் போலும்.

இனிக் குண்டூசிக்கு வருவோம்.

1775 ஏப்ரல் 19 இல் லெக்சிங்டனிலும் கொன்கோர்டிலும் முதல் வெடி கேட்டுவிட்டது. பொஸ்டன் நகரம் பிரித்தானியப் படையின் கையில். சுற்றிலும் குடியேற்றவாசிகளின் முற்றுகை. கப்பல் போக்குவரத்து நின்றது. ஜூன் நடுப்பகுதியில் அபிகேல் கணவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுகிறார்: பிலடெல்பியாவில் ஒரு கட்டுக் குண்டூசி வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பவேண்டும். ஏழரை ஷிலிங்குக்கு வாங்கியது இப்போது இருபது ஷிலிங். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஒரு கட்டில் ஆறாயிரம் ஊசி. முன்பு ஒரு டொலருக்கு வாங்கினேன், இப்போது மூன்று பவுண் என்றாலும் பரவாயில்லை, வாங்கி அனுப்புங்கள் என்கிறார். பொத்தானுக்குப் பதில் ஊசி குத்தி உடுத்த காலம் அது. ஊசியில்லாவிட்டால் பெண்களின் உடையே நில்லாது. இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு ஆனபடியால் உள்ளூரில் செய்வாரில்லை. சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் வரிசையில் நின்ற நமது வாசகர்களுக்கு இந்தக் கடிதத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு புதிய நாட்டுக்கு அரசியல் யாப்புத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு மனைவி குண்டூசிக்கு எழுதினார் என்று சிரிப்பவர்கள் வீடு நடத்திப் பாராதவர்கள்.

அந்தக் கடிதம் எழுதிய அதே வாரத்தில், ஜூன் 17 ஆம் திகதி, பங்கர் குன்றுச் சண்டை நடந்தது. விடிவதற்கு முன்னரே பீரங்கிச் சத்தம் தொடங்கிவிட்டது. அபிகேல் ஏழு வயது மகன் ஜோன் குவின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அருகேயுள்ள பென் குன்றில் ஏறி நின்று பார்த்தார். விரிகுடாவுக்கு அப்பால் சார்ள்ஸ்டவுண் என்ற ஊர் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எழுதத் தொடங்கிய கடிதத்தில், சனி விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்த வெடி இன்னும் நிற்கவில்லை என்று எழுதுகிறார். குடும்பத்தின் நெருங்கிய நண்பரான வைத்தியர் ஜோசப் வாரன் களத்தில் விழுந்த செய்தி அதற்குள் வந்துவிட்டது. அழுதுகொண்டே எழுதிய கடிதம் அது. இடையில் நிறுத்துகிறார், மீண்டும் எழுதுகிறார். சண்டையின் முழு விபரமும் அதில் இல்லை; அவருக்குத் தெரியவும் தெரியாது. ஒரு வீட்டுக்குச் செய்தி எப்படித் துண்டு துண்டாக வந்து சேர்கிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது. போர் வரலாறு எழுதுவோர் பின்னாளில் ஒட்டுப்போட்டு ஒழுங்காக்கிவிடும் விடயம் இது. அந்த ஒட்டுக்கு முந்திய நிலையை நான் பெறுமதியானதாக நினைக்கிறேன்.

குண்டு வராத அந்தக் கிராமத்துக்கு நோய் வந்தது. முகாம்களிலிருந்து பரவிய வயிற்றுக்கடுப்பு அவ்வருட ஓகஸ்ட்டில் ஜோனின் தம்பி எலிகுவைக் கொண்டுபோனது. செப்டெம்பரில் அடம்ஸ் வீட்டில் வேலைக்காரப் பையனுக்குத் தொடங்கி, அபிகேலுக்கும், மூன்று வயது மகன் தோமஸுக்கும், பற்றி என்ற வேலைக்காரப் பெண்ணுக்கும் பரவியது. வீடு வைத்தியசாலையாயிற்று. மகளைப் பார்க்க நாள்தோறும் வந்த தாய் எலிசபெத் ஸ்மித்துக்கும் அது தொற்றி, ஒக்டோபர் முதலாம் திகதி அவர் இறந்தார். அன்றே அபிகேல் கணவருக்கு எழுதுகிறார். விவிலியத்து யோபுவின் புலம்பலைத்தான் கடன் வாங்குகிறார், சொந்தமாகச் சொல் வரவில்லை. பற்றியும் சில நாளில் இறந்தாள். இந்தச் செய்திகள் பிலடெல்பியா போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். ஜோன் ஆறுதல் எழுதும்போது எந்தச் சாவுக்கு எழுதுகிறார் என்பதே குழப்பமாகிவிடுகிறது. ஒன்றுக்கு ஆறுதல் புறப்படும் வேளையில் அடுத்தது நடந்து முடிந்திருக்கும்.

நெடுநல்வாடையில் அரசி அரண்மனையில் வாடியிருக்க, அரசன் பாசறையில் புண்பட்ட வீரரைப் பார்த்துத் திரிகிறான். அங்கே இருவருக்கும் இடையில் ஒரு சொல்லும் போய்வரவில்லை. அதுவே அந்தப் பாட்டின் அழகு. இங்கே சொல் போய்வருகிறது. வந்து சேரும்போது பழசாகிவிடுகிறது. இது வேறொரு வகைத் துன்பம்.

அபிகேலின் கடிதங்களுள் உலகறிந்தது 1776 மார்ச் 31 ஆம் திகதியிட்டது. புதிய சட்டங்கள் செய்யும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள், கணவன்மார் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், எங்களைக் கவனியாவிட்டால் நாங்களும் கலகம் செய்வோம் என்று எழுதிய கடிதம். பெண் விடுதலை பேசும் நூல்களில் எல்லாம் இந்த ஒரு பகுதி தவறாமல் வரும். முழுக் கடிதத்தையும் படித்தவர்கள் குறைவு. முழுவதையும் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

மார்ச் 17 இல் பிரித்தானியப் படை பொஸ்டனை விட்டுக் கப்பலேறிவிட்டது. அந்த ஆறுதலில் எழுதியது இது. தொடக்கத்திலேயே வெர்ஜினியாக்காரரைப் பற்றி ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறார்: தம்மைப்போன்ற மனிதரை அடிமைகளாக வைத்திருந்து பழகியவர்களின் நெஞ்சில் விடுதலை வேட்கை அவ்வளவு வலிமையாக இருக்க முடியுமா என்று. வாஷிங்டனும் ஜெபர்சனும் வெர்ஜினியாக்காரர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பிறகு பொஸ்டனிலுள்ள தங்கள் வீட்டின் கதை. அதில் பிரித்தானியப் படை வைத்தியர் ஒருவர் குடியிருந்து அசுத்தமாக்கிவிட்டுப் போயிருந்தார். பிறகு வசந்தம், சூரியன் கூடப் பிரகாசமாகத் தெரிவதாக எழுதுகிறார். அதன் பிறகுதான் பெண்களின் சட்டம். அதற்கும் பின்னால் வெடிமருந்து செய்யும் முறை, வெடியுப்பு, பிள்ளைகளுக்கு உடுப்பு நெய்யும் சிரமம். குப்பை கூட்டுவதும் அரசியல் யாப்பும் வெடியுப்பும் ஒரே தாளில், ஒரே மூச்சில். அந்தப் புகழ்பெற்ற வரியை இந்தச் சூழலிலிருந்து கிள்ளியெடுத்தால் அது மேடைப் பேச்சாகிவிடுகிறது. கடிதத்துக்குள் இருக்கும்போது அது, பகல் முழுவதும் ஒரு பண்ணையை ஆண்டுவிட்டு இரவில் பேனா பிடித்த ஒருத்தியின் நியாயமான கேள்வியாக நிற்கிறது.

ஜோன் என்ன பதில் எழுதினார்? சிரித்துவிட்டார். ஏப்ரல் 14 இல் எழுதிய பதிலில், எங்கள் போராட்டத்தால் பிள்ளைகளும் தொழில்பழகுவோரும் மாணவரும் செவ்விந்தியரும் கறுப்பரும் அடங்காமற் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம், எல்லாரிலும் தொகை கூடிய இன்னொரு கூட்டமும் முறுகி நிற்கிறது என்பதை உன் கடிதம்தான் அறிவித்தது என்று கேலி பேசினார். அபிகேலுக்குச் சிரிப்பு வரவில்லை. தோழி மேர்சி வாரனுக்கு இதுபற்றி முறைப்பாடு எழுதினார். மே 7 இல் கணவருக்கும், ஆண்களுக்குச் சமாதானமும் நல்லெண்ணமும் கூறிக்கொண்டு மனைவியர்மேல் மட்டும் வரம்பற்ற அதிகாரத்தை வைத்திருக்க நினைக்கிறீர்களே என்று நேராகவே எழுதினார். ஆனால் ஒன்று. அதே மே மாதம் 26 இல் ஜேம்ஸ் சலிவன் என்ற நீதிபதிக்கு வாக்குரிமை பற்றி எழுதும்போது ஜோன் சிரிக்கவில்லை. மக்கள் சம்மதத்தால் அரசு என்றால் பெண்களை விலக்க என்ன நியாயம் என்ற கேள்வியை அவரே எடுத்து, பதில் சொல்லத் திணறி, இந்தக் கதவைத் திறந்தால் மூடமுடியாது என்று பின்வாங்குகிறார். மனைவியின் கடிதம் உள்ளே இறங்கி வேலை செய்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். கேலி செய்வது பலவேளைகளில் பயத்தின் மறுபெயர்.

1776 ஜூலை 3 இல் ஜோன் மனைவிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். முதல்நாள், ஜூலை 2 ஆம் திகதி, கொங்கிரஸ் சுதந்திரத் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. இனி வரும் சந்ததியெல்லாம் ஜூலை 2 ஐ வாணவேடிக்கையோடும் மணியோசையோடும் கொண்டாடும் என்று உறுதியாகச் சொன்னார். வாணவேடிக்கை சரியாகத்தான் வந்தது, திகதிதான் தப்பிவிட்டது. பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்ட 4 ஆம் திகதியை மக்கள் பிடித்துக்கொண்டார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1826 இல், அதே ஜூலை 4 ஆம் திகதியே அவர் இறந்தார். ஜெபர்சன் இறந்ததும் அதே நாள்.

சுதந்திரம் பிரகடனமானபோது அபிகேல் எங்கே இருந்தார் தெரியுமா? பொஸ்டனில், அம்மை குத்திக்கொண்டு. ஜெனரின் பசு அம்மைத் தடுப்புக்கு இருபது வருடம் முந்திய காலம். நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து நலமானவரின் தோலைக் கீறி வைப்பார்கள். இலேசாக நோய் கண்டு மாறினால் உயிர் தப்பினது. சிலருக்கு மாறாமலும் போகும். அந்த ஜூலை 12 இல் அவரும் நாலு பிள்ளைகளும் உறவினரின் வீட்டில் தங்கிக் குத்திக்கொண்டார்கள். இரண்டாவது மகன் சார்ள்ஸுக்குப் பலமுறை குத்தியும் பிடிக்காமல், பின்னர் தானாகவே கடும் அம்மை கண்டு, இரண்டு நாள் நினைவு தடுமாறிக் கிடந்து பிழைத்தான். இதனிடையே ஜூலை 18 இல் நகரமண்டப மாடத்திலிருந்து பிரகடனம் வாசிக்கப்பட்டது. அபிகேல் அந்தக் கூட்டத்தில் போய் நின்றார். மணிகள் ஒலித்ததையும் பீரங்கி முழங்கியதையும், அரசரின் இலச்சினைகளைக் கழற்றி வீதியில் எரித்ததையும் 21 ஆம் திகதிக் கடிதத்தில் எழுதினார். வீட்டில் பிள்ளைகள் காய்ச்சலோடு கிடந்தார்கள்.

தேயிலை பற்றி ஒரு கதை சொல்லாமல் விடமுடியாது. 1773 டிசெம்பரில் கடலில் எறியப்பட்டது சீனத் தேயிலை. நமது லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867 இல்தான் ஆகையால் அந்தப் பாவத்தில் இலங்கைக்குப் பங்கில்லை. அன்று தொட்டு தேசபக்தர் வீடுகளில் தேநீர் விலக்கு. 1774 இல் ஒருநாள் பயணக் களைப்போடு தங்குமடமொன்றில் ஜோன் தேநீர் கேட்க, வீட்டுக்காரம்மா அதெல்லாம் கைவிட்டோம், கோப்பி வேண்டுமானால் தரலாம் என்றாராம். ஆனால் இரண்டு வருடம் கழித்து மனைவி நோயில் கிடக்கிறாள் என்று கேட்டு, மனம் பொறாமல் ஒரு பேணி பச்சைத் தேயிலை வாங்கி எல்பிரிட்ஜ் ஜெரி என்ற நண்பரிடம் கொடுத்தனுப்பினார். ஜெரி அதைக் கொண்டுபோய் சாமுவேல் அடம்ஸின் மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவரும் திருமதி அடம்ஸ்தானே! பிறகு அபிகேல் அந்த அம்மா வீட்டுக்குப் போனபோது அருமையான தேநீர் வந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். என் காதலர் ஜெரி மூலம் அனுப்பினார் என்று பதில் வந்தது. அபிகேல் வாயைத் திறக்கவில்லை. தம்முடையவருக்கு இந்த எண்ணம் வரவில்லையே என்று மனதுக்குள் குமைந்து கணவருக்கு எழுதிவிட்டார். உண்மை தெரிய வந்தபோது குடித்தது போக மிச்சம்தான் திரும்பிவரும் நிலை.

கோப்பியின் கதை இவ்வளவு இனிமையானதல்ல. 1777 ஜூலையில் பொஸ்டனில் சீனியும் கோப்பியும் தட்டுப்பாடு. தோமஸ் பொய்ல்ஸ்டன் என்ற பணக்கார வியாபாரி கோப்பியைப் பதுக்கி, இறாத்தல் ஆறு ஷிலிங்குக்குக் குறையத் தரமாட்டேன் என்றார். நூறுக்கு மேற்பட்ட பெண்கள் வண்டியோடு அவருடைய பண்டகசாலைக்கு வந்து திறப்பைக் கேட்டார்கள். மறுத்தார். ஒருத்தி அவர் கழுத்தைப் பிடித்து வண்டிக்குள் தள்ளினாள். திறப்பு வந்தது. வண்டியைச் சரித்து மனிதரைக் கொட்டிவிட்டு, கதவைத் திறந்து கோப்பியைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் பெருங்கூட்டமாக நின்று வாய் பேசாமல் பார்த்தார்கள் என்று அபிகேல் எழுதுகிறார். இந்தப் பொய்ல்ஸ்டன் ஜோனின் தாய் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆயினும் கடிதத்தில் ஒரு துளி அனுதாபம் இல்லை. சந்தோஷம் நன்றாகவே தெரிகிறது.

அதே மாதம் அபிகேல் நிறைமாதம். வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்ற அச்சத்தை 9 ஆம் திகதி எழுதினார். 10 ஆம் திகதி நோவுக்கிடையே மறுபடி எழுதுகிறார். வந்த நோவு தாங்கமுடியாமல் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதி, வைத்து, பின் மீண்டும் எடுத்திருக்கிறார். 11 ஆம் திகதி பெண்குழந்தை உயிரின்றிப் பிறந்தது. மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளும் அதுவே. கணவருக்கு அந்தச் செய்தி போய் அவர் பதில் எழுதியது 28 ஆம் திகதி. கண்ணால் காணாத ஒரு சிசுவின்மேல் இவ்வளவு பாசம் எப்படி வந்தது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். நான் இந்தக் கடிதத்தை வகுப்பில் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். உயர்தர வகுப்புப் பையன்கள். பின்வாங்கில் இருந்து பகிடி விடுபவர்களும் அன்று பேசவில்லை.

வகுப்பறை என்றதும் இன்னொன்று. அந்த மூத்த மகன் ஒன்பது வயதில், 1777 ஜூன் 2 இல், தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கடிதம் வாங்குவது பிடிக்கும், எழுதுவது பிடிக்காது. மனம் குருவி முட்டைக்கும் விளையாட்டுக்கும் ஓடுகிறது. சரித்திரப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தைப் பாதியாவது முடித்திருக்கவேண்டும், இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறான். கட்டுரை எழுத மறுக்கும் எந்த மாணவனும் இதைவிட நன்றாகத் தன் வழக்கைச் சொல்லமுடியாது. இவரே 1825 இல் ஆறாவது ஜனாதிபதியானார்.

இக்கடிதங்கள் எஞ்சியதும் தற்செயலே. எரித்துவிடுங்கள் என்று அபிகேல் கேட்டார். உன்னை மறந்த பிறகுதான் அது நடக்கும் என்ற கருத்தில் ஜோன் மறுத்துவிட்டார். 1776 ஜூனில் ஒரு பெரிய வெற்றுப் புத்தகம் வாங்கித் தமது கடிதங்களைப் பிரதிசெய்யத் தொடங்கி, மனைவியையும் அப்படிச் செய்யச் சொன்னார். பேரன் சார்ள்ஸ் பிரான்சிஸ் 1840 இல் பாட்டியின் கடிதங்களைத் தனி நூலாக்கினார். போர்க்கால இருவழிக் கடிதங்கள் 1876 இல் வெளிவந்தன. 1818 இல் இறந்த அபிகேல் அச்சில் எதையும் காணவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1816 இல், அதே புதிய இங்கிலாந்து மண்ணிலிருந்து டானியல் பூவரும் தோழர்களும் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். நாம் இன்றும் புரட்டும் 1862 ஆம் ஆண்டுத் தமிழகராதியைத் தந்த வின்ஸ்லோவும் அந்தப் பக்கத்தவரே. ஆகவே இவர்களுடைய கடிதத் தமிழுக்கு, மன்னிக்கவும், கடித ஆங்கிலத்துக்கு, நாம் முற்றிலும் அந்நியரல்லர்.

ஆனால் எழுதப்படிக்கத் தெரிந்த, பெட்டி பூட்டுள்ள குடும்பங்களின் கடிதம்தானே எஞ்சும்? மற்றவர்கள்?

அடிமையாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு பொஸ்டனில் வளர்ந்து கவிஞரான பிலிஸ் வீட்லி 1775 ஒக்டோபரில் வாஷிங்டனுக்குக் கவிதையோடு ஒரு கடிதம் அனுப்பினார். 1776 பெப்ரவரியில் தளபதி மரியாதையாகப் பதில் எழுதினார். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹோலும் வேறு சில கறுப்பு மக்களும் மசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். நீங்கள் எந்த உரிமையைக் கேட்டுப் போராடுகிறீர்களோ அதையே நாங்களும் கேட்கிறோம் என்பது அதன் சாரம். சட்டமன்றம் சும்மா இருந்துவிட்டது. 1783 அளவில் நீதிமன்றத் தீர்ப்புகளால்தான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது.

எழுதத் தெரியாதவர்களின் குரல் இன்னும் விசித்திரமான வழியில் நமக்குக் கிடைத்தது. ஓய்வூதிய விண்ணப்பம்! 1818 இல் வறிய முன்னாள் படைவீரருக்கு மாதம் எட்டு டொலர் கொடுக்கச் சட்டம் வந்தது. 1832 இல் அது விரிந்தது. 1836 இல் விதவைகளுக்கும் வழி திறந்தது. ஆனால் சேவையை நிரூபிக்க வேண்டும். கையில் காகிதம் இல்லாதவர் நீதிமன்றத்தில் வந்து, எங்கே சேர்ந்தேன், யாருக்குக் கீழ் நடந்தேன், என்ன கண்டேன் என்று வாயால் சொல்ல எழுதுவினைஞர் எழுதிக்கொள்வார். கிழவர்கள் கைநாட்டாகக் குறி போட்டார்கள். விதவைகள் கலியாணத் திகதியைக் காட்ட வீட்டு விவிலியத்தின் பக்கங்களையே கிழித்து இணைத்தார்கள். வாஷிங்டன் நகரத்துத் தேசிய சுவடிக்கூடத்தில் அந்தக் கோவைகள் இன்றும் இருக்கின்றன. எண்பதாயிரம் அளவில். அரசாங்கப் படிவம் இலக்கியம் பெற்ற அபூர்வமான இடம் இது.

ஜோசப் பிளம் மார்ட்டின் என்பவர் பதினைந்து வயதில், 1776 இல், படையில் சேர்ந்து கடைசிவரை நின்றவர். 1820 இல் சொத்து விபரம் காட்டச் சொன்னபோது அவர் காட்டியது இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. பத்து வருடம் கழித்து தம் நினைவுகளைப் பெயர் போடாமல் ஒரு நூலாக அச்சிட்டார், விலைபோகவில்லை. இன்று அந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர் யாரும் அதைத் தொடாமல் போவதில்லை.

சாரா ஒஸ்போர்னின் வாக்குமூலம் 1837 இல் பென்சில்வேனியாவில் பதிவானது. அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. கணவரோடு படையின் பின்னால் நடந்து, சமைத்து, துவைத்து, தைத்துக் கொடுத்தவர். 1781 ஒக்டோபரில் யோர்க்டவுண் முற்றுகையின்போது பதுங்குகுழிகளுக்கு இறைச்சியும் ரொட்டியும் கோப்பியும் சுமந்து போனார். வழியில் வாஷிங்டன் எதிர்ப்பட்டு, பீரங்கிக் குண்டுக்குப் பயமில்லையா என்று கேட்டாராம். ஆண்கள் சண்டையும் பிடித்துப் பட்டினியும் கிடக்க முடியுமா என்று இவர் பதில் சொன்னாராம். பிறகு பிரித்தானியப் படை ஆயுதம் வைக்க அணிவகுத்து வந்ததை வீதியோரம் நின்று பார்த்தார். மேளங்களில் கறுத்தத் துணி போர்த்தியிருந்ததும், பருத்த உடம்புள்ள அதிகாரி ஒருவர் கன்னத்தில் கண்ணீர் வழியக் கடந்துபோனதும் ஐம்பத்தாறு வருடத்தின் பின்னும் அவருக்கு ஞாபகம் இருந்தது. போர் முடிந்ததும் அந்தக் கணவன் இவரை விட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்பதையும் அதே வாக்குமூலத்தில், அதே குரலில், சொல்லி எழுதுவித்திருக்கிறார். ஓய்வூதியம் கிடைத்தது.